தெற்கே தலை வைத்தவர்

அன்றைக்கு ஜெபவீட்டில் இருந்தவர்கள் இவர்கள். போதகர். போதகரின் மனைவி, தேத்தண்ணீர் கொண்டுவந்தவர் திரும்பிப் போகாமல் கதவடியில் நின்றார். அக்கா, வழமையாகப் பின்னால் இருப்பவர், அன்று முன்கதிரையில் இருந்தார். அக்காவின் மகள், மல்லாவியில் கலியாணம் கட்டி இருக்கிறவள், காலை பஸ்சில் வந்திருந்தாள். பக்கத்துக் காணி அண்ணை. அவர் எங்கள் சபை இல்லை, சைவம், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசல் படியில் குந்தியிருந்தார். பிறகு நான்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா.

கதைக்க வந்த விஷயம் ஒன்றுதான். அக்காவின் புருசனைக் கிண்டி எடுத்துத் திசை மாற்றிப் புதைப்பதா, வேண்டாமா.

நான் மேசன் வேலை செய்கிறேன். கல்லறைக்குச் சுற்றுக்கட்டுக் கட்டித் தரும்படி அக்கா என்னிடம் கேட்டிருந்தார். அதனால்தான் என்னையும் கூப்பிட்டார்கள்.

அக்காவின் புருசன் போன மாரியில் இறந்தார். நெஞ்சு வருத்தம். அந்தக் கிழமை மழை விடவேயில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்தது. வாய்க்கால் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடியது. எங்கள் சபை ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம். ஒருவரும் வரமுடியவில்லை. நான் மல்லாவியில் வேலையில் நின்றேன். குழி வெட்ட ஆள் இல்லை. பக்கத்துக் காணி அண்ணை ஒருவரிடமும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தனியாக வெட்டினார். வெட்டி முடிக்கும்வரை குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றினாராம். கூலி கொடுக்கப் போனபோது கையை உதறிவிட்டுப் போய்விட்டார். அவரும் அக்காவின் புருசனும் ஒன்றாக வயல் செய்தவர்கள். ஒரு வாய்க்காலில் தண்ணீர் கட்டியவர்கள்.

அண்ணை தன்னுடைய வழக்கப்படி வெட்டினார். அவர்களுக்குப் பிணத்தின் தலை தெற்கே இருக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எழும்பும்போது முகம் கிழக்கைப் பார்க்கவேண்டும் என்பதற்காக. போதகர் அதைக் கவனிக்காமல் இல்லை. நனைந்துகொண்டு வந்தார், குழியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஜெபம் பண்ணினார். பெட்டியை இறக்கினார்கள். எல்லாம் ஒரே சேறு.

இந்த வருசம் மழை விட்டு நிலம் காய்ந்த பிறகு அக்கா சீமெந்து வாங்கினார். நான் கம்பு நட்டு நூல் கட்டுகிற நாளில் வெளியூர்ப் பிரசங்கியார் வந்தார்.

மூன்று நாள் கூட்டம். ஒலிபெருக்கி தர்மபுரத்திலிருந்து வந்தது. ஆண்டவருடைய வருகையைப் பற்றித்தான் மூன்று நாளும். சண்டை, நோய், விலைவாசி, வெள்ளம், எல்லாவற்றையும் அடையாளம் என்று சொன்னார். தேதி சொல்லவில்லை. கிட்ட வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். கடைசி நாள் செத்தவர்களைப் பற்றிச் சொன்னார். எக்காளம் ஊதப்படும், கிறிஸ்துவுக்குள் செத்தவர்கள் முதலில் எழும்புவார்கள், பிறகுதான் நாங்கள். ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். அதனால்தான் முன்னோர்கள் தலையை மேற்கே வைத்துப் புதைத்தார்கள், கண் திறந்தால் முதல் தெரிகிற முகம் அவருடைய முகமாக இருக்கட்டும் என்று. அதை ஒரு நல்ல விஷயமாகத்தான் சொன்னார். சனம் அல்லேலூயா சொன்னது. பிரசங்கியார் தான் வந்த வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் சேமக்காலைக்குப் போனபோது அக்கா அங்கே நின்றார். எங்கள் சேமக்காலை என்பது ஊர்ச் சுடலையின் ஒரு ஓரத்தில் எங்களுக்கு விட்டுத் தந்த துண்டு. அக்கா வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தார். பிறகு கல்லறையைப் பார்த்தார்.

“தம்பி, இவரின்ரை தலை எந்தப் பக்கம்?”

தெற்கே என்று சொன்னேன்.

அவர் முதுகைத் தெற்கே வைத்து நின்று பார்த்தார். அப்படி நின்றால் முன்னால் தெரிவது வடக்கு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு நூலைக் கழற்றச் சொன்னார். சீமெந்து இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு அக்கா வேலையை விட்டுவிட்டார். காணியில் கச்சான் கடலை போட்டிருந்தார். புல் எடுக்கவேண்டிய நேரம். எடுக்கவில்லை. புல் கச்சானுக்கு மேலால் வந்துவிட்டது. வேலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தவில்லை. சபைக்கு வந்தார். பாட்டுப் பாடும்போது வாய் அசையவில்லை. போய் விசாரித்தவர்களிடம், அவரை அப்படிக் கிடக்க விட்டுவிட்டுப் புல்லுப் பிடுங்கி என்ன செய்கிறது என்று கேட்டாராம். அண்ணையின் மனைவி மல்லாவிக்குப் போன் எடுத்துச் சொல்ல, மகள் வந்தாள். வீட்டைப் பூட்டித் தாயைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதென்ற முடிவோடு வந்தாள். அக்கா, இவரைத் திருப்பி வைக்காமல் ஒரு இடமும் வரமாட்டேன் என்று நின்றார். அதுதான் கூட்டம்.

போதகர் பொறுமையான ஆள். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். முதலில் வேதத்திலிருந்து விளக்கம் சொன்னார். கடலில் போனவர்கள் இருக்கிறார்கள், எரிந்தவர்கள் இருக்கிறார்கள், எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள் இந்த மண்ணில் எத்தனை பேர். அவர்களை எல்லாம் ஆண்டவர் எழுப்பமாட்டாரா. திசை என்பது மனிதர் வைத்த வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் வழக்கம்தான்.

அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். பிறகு சொன்னார்.

“மற்ற ஆக்களெண்டால் நானும் பேசாமல் இருப்பன், பாஸ்டர். இவருக்குக் காது கேளாதெல்லோ.”

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசிச் சண்டையில் பக்கத்தில் செல் விழுந்து அவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் நான் அவரை அறிவேன். கிட்டப் போய் முகத்துக்கு நேரே நின்று கதைத்தால் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வார். பின்னால் நின்று கத்தினாலும் திரும்பமாட்டார்.

அக்கா சொன்னார்: “ஊரிலை சொல்லுவினம், செவிடன் காதிலை ஊதின சங்கு எண்டு. சங்கெண்டால் என்ன, எக்காளமெண்டால் என்ன, அவருக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

அந்த நாளில் காது திறக்கப்படும் என்று போதகர் சொன்னார்.

“எழும்பின பிறகுதானே திறக்கும்? எழும்புறது சத்தம் கேட்டெல்லோ?”

போதகரின் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா வேறு ஏதுமா என்று தெரியவில்லை.

மகளுக்குக் கோபம். அப்பா உயிரோடு இருக்கும்போதே நீங்கள் கூப்பிட்ட பக்கம் வரவில்லை, இனி வரப் போகிறாரா என்று கேட்டாள். அக்கா அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அதைத்தான் தானும் சொல்வதாகச் சொன்னார். எல்லோரும் எழும்புகிற கலவரத்தில் இவரும் எப்படியோ எழும்பிவிடுவார். ஆனால் எழும்பினால் அக்கம் பக்கம் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடப்பார். சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்ட அன்றும் அப்படித்தான். எல்லோரும் ஒரு பஸ்சில் ஏற, அவர் முன்னால் நின்ற வேறு பஸ்சில் ஏறிப் போய்விட்டார். தேடிப் பிடிக்க இரண்டு நாள் சென்றது.

“வடக்கை பாத்து எழும்பினாரெண்டால் நேரே யாழ்ப்பாணம்தான். தாய் வீடு. பிறகு நான் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?”

வாசல் படியில் இருந்த அண்ணை சிரித்துவிட்டார். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சேலையால் கண்ணைத் துடைத்தார்.

போதகர் ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் முதலே விசாரித்து வைத்திருந்தார். புதைத்த உடலை எடுப்பதென்றால் நீதிமன்றத்தில் அனுமதி வேண்டும், டாக்குத்தர் வரவேண்டும், பொலிஸ் நிற்கவேண்டும். காரணம் என்ன என்று எழுதவேண்டும். என்ன காரணம் எழுத என்று விதானையார் கேட்டபோது போதகருக்குச் சொல்லத் தெரியவில்லை. திசை மாறிக் கிடக்கிறார் என்று எழுதலாமோ என்று விதானையாரே கேட்டாராம்.

பிறகு போதகர் அக்காவின் கச்சானைப் பற்றிக் கதைத்தார். முந்தின காலத்திலும் வருகை கிட்ட என்று கேள்விப்பட்டு வேலையை விட்டுவிட்டு இருந்தவர்கள் இருந்தார்களாம். அப்போஸ்தலர் அவர்களுக்குக் கடுமையாக எழுதினாராம், வேலை செய்து சாப்பிடச் சொல்லி. வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று வேலைக்காரருக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. வந்து பார்க்கும்போது சொன்ன வேலையில் நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு அது விளங்கியது. நான் அப்போது கட்டிக்கொண்டிருந்தது வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடைய வீடு. ஆளை நேரில் கண்டதில்லை. ஆடியில் வருவேன் என்பார். ஆடி போகும். மார்கழியில் வருவேன் என்பார். சில மேசன்மார் அவர் வருகிறார் என்றால் மட்டும் தூக்குக்குண்டு பிடிப்பார்கள். நான் ஒவ்வொரு கல்வரிக்கும் பிடிப்பேன். பயத்தில் இல்லை. சுவர் சரிந்தால் அவர் வந்தாலும் சரிவுதான், வராவிட்டாலும் சரிவுதான். ஆண்டவருடைய வருகையையும் நான் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். வருவார் என்று நம்புகிறேன். அன்று கையில் சாந்துச் சட்டி இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் போவேன். அதற்கு முன்னம் இறக்கி வைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இதை நான் அங்கே சொல்லவில்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

வாசல் படியில் இருந்த அண்ணை எழும்பினார். அவருடைய தமிழ் இன்னும் மலைநாட்டுத் தமிழ்.

“நான் வெட்டுன குழி தாங்க பிழை. ஒருத்தரையும் கேக்க வேணாம். நானே தோண்டி நானே திருப்பி வைக்கிறேன். பொலிஸ் புடிச்சா என்னைய புடிக்கட்டும்.”

போதகர் கூடாது என்றார். அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. மழைக்குள் ஒருவரும் வராத நேரம் தான் வந்ததையும், இப்போது அதையே எல்லோரும் உட்கார்ந்து ஆராய்வதையும் சொன்னார். பெரிதாகச் சத்தம் போடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அக்கா எழும்பிப் பின்னால் போனார். உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணை என்று சொல்லிக்கொண்டே போனார். குறை சொல்லவில்லை என்றால் வந்து பாருங்கள், ஏன் அந்த இடத்தில் வெட்டினேன் என்று காட்டுகிறேன் என்றார் அவர். இரண்டு பேரும் சேமக்காலைப் பக்கம் நடந்தார்கள். மகள் போனாள். போதகரும் நானும் போனோம்.

அண்ணை காட்டினார். மேற்குப் பக்கம் பள்ளம். அன்று அங்கே முழங்கால் அளவு தண்ணீர். மேடு ஒரு துண்டுதான். அதில் வெட்டினார். தலையைத் தெற்கே வைத்தது வழக்கத்தில். சிநேகிதனை வேறு எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியாது.

அக்கா கல்லறையின் தலைமாட்டில் போய் நின்றார். சுற்றிப் பார்த்தார். கல்லறைக்குக் கிழக்கே மேட்டின் மிச்சத் துண்டு வெறுமையாக இருந்தது. அங்கே யாரையாவது வைப்பதாகக் கதை இருக்கிறதா என்று போதகரைக் கேட்டார். இல்லை என்றார் போதகர்.

“அப்ப அதிலை என்னை வையுங்கோ. இவரைப் போலவே. தலை தெற்கை.”

மகள் அழத் தொடங்கினாள். போதகர் விளங்காமல் பார்த்தார். திசை பிழை என்று இவ்வளவு நாளும் வேலை செய்யாமல் இருந்தவர், இப்போது தனக்கும் அதே பிழையைக் கேட்கிறார்.

அக்கா விளக்கம் சொன்னார். அவர் சொன்னதில் நீண்ட கதை அது ஒன்றுதான்.

“எனக்குக் காது கேக்கும். நான் எந்தப் பக்கம் கிடந்தாலும் எக்காளம் கேட்டு எழும்புவன். இவரை ஒரு நாளும் கூப்பிட்டு எழுப்பேல்லை. வயலுக்குத் தண்ணிமுறை வாற நாளிலை விடியப்புறம் தோளிலை தட்டித்தான் எழுப்பிறனான். தட்டினால் என்ரை பக்கம் திரும்பித்தான் கண் முழிப்பார்.”

போதகர் இன்னும் யோசித்துக்கொண்டு நின்றார். அண்ணைதான் முதலில் பிடித்தார். கையைக் காட்டிச் சொன்னார்.

“தட்டுன பக்கம் திரும்புவாருன்னா, அது கெழக்கு தானே?”

உண்மைதான். அக்கா கிழக்கே கிடந்து தோளில் தட்டினால், அவர் திரும்புகிற பக்கம் கிழக்கு. முதலில் அக்காவைப் பார்ப்பார். அக்காவுக்குப் பின்னால், கிழக்கிலிருந்து வருகிறவரைப் பார்ப்பார்.

மகள் மூக்கைச் சிந்தினாள். அண்ணை பீடி ஒன்றை எடுத்து, இடம் என்ன என்று நினைவு வந்து, திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

போதகர் வேதத்தில் இப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடத்தைச் சபை வைத்திருக்கும் என்று சொன்னார். இனி கச்சானைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். அக்கா கச்சான் இனிச் சரிவராது, புல் முந்திவிட்டது, பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு உழுந்து போடவேண்டும் என்றார். நாளைக்கு வேலியை நிமிர்த்த ஒரு கை தரவேண்டும் என்று அண்ணையிடம் சொன்னார். மகளிடம், நான் எங்கும் வரவில்லை, நீ பின்னேர பஸ்சைப் பிடி என்றார். மகள் பின்னேர பஸ்சைப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் நின்று புல்லுப் பிடுங்கினாள்.

என்னிடம் திரும்பி, சுற்றுக்கட்டை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றாகக் கட்டலாமா என்று கேட்டார். கட்டலாம் என்றேன். இடையில் எவ்வளவு விடுவது என்று கேட்டேன்.

கை எட்டுகிற அளவு என்றார்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அதை நான் சொல்லத்தான் வேண்டும். அந்த மண் மாரியில் இளகும். புதுக் குழி வெட்டும்போது பழைய குழிக்கும் புதுக் குழிக்கும் இடையில் ஒன்றரை அடி மண் நிற்கவேண்டும். குறைந்தால் இடிந்து விழும். அதற்கு மேல் இரண்டு பெட்டியின் பலகையும், பெட்டிக்குள் ஆளுக்கும் பலகைக்கும் இடையில் இருக்கிற வெளியும். எப்படிப் பார்த்தாலும் அரை அடி. தோளிலிருந்து தோளுக்கு இரண்டு அடி. இரண்டு அடிக்குக் குறைத்து என்னால் கட்ட முடியாது.

அக்கா சின்ன ஆள். எனக்கு நெஞ்சளவுதான் வருவார்.

பெட்டிப் பலகை இருக்கிறதே அக்கா என்றேன். பலகை அதற்கிடையில் உக்கிவிடும் என்றார் அக்கா. மண் இருக்கிறதே என்றேன். மண்ணை ஆண்டவர் பார்ப்பார், தூரத்தைத்தான் தம்பி நீர் பார்க்கவேண்டும் என்றார்.

போதகர் சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அதுதான். அந்த நாளில் அளவு நாடா ஒன்றும் தேவைப்படாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, “எண்டாலும் அளவுங்கோ” என்றார்.

தலை தெற்கே, புருசனுக்குக் கிழக்கே. அப்படிக் கிடந்தால் அவர் பக்கம் இருப்பது அக்காவின் இடக்கை. அக்கா இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல்களை விரித்து வைத்திருந்தார். நேராக்கச் சொன்னேன். வளையலை மேலே தள்ளிவிட்டு நேராக்கினார். அண்ணை கிட்ட வந்து பார்த்தார். நாடாவின் நுனியைத் தோள் எலும்பில் மகள் பிடித்தாள். நான் நடுவிரல் நுனிவரை இழுத்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தேன்.

இரண்டு அடி, ஒரு அங்குலம்.